வெங்காயத் தண்ணீர்

சனிக்கிழமை பொழுது சாயும்போதே பௌலினோ முதலாளியின் லாரி நிரம்பிவிட்டது. ஆனாலும் கட்டுகள் வந்துகொண்டே இருந்தன.

எலியேசர் சரக்கின் மேல் நின்றான். கீழேயிருந்து பறந்து வரும் வெங்காயத்தாள் கட்டுகளைப் பிடித்து, வேர் வெளியே, தாள் உள்ளே என்று அடுக்கினான். தண்ணீரில் முக்கியெடுத்த கட்டுகள். சட்டை மார்பு வரை நனைந்து, தோத்தா ஏரிக் காற்று அதன் வழியாகவே உள்ளே புகுந்து புறப்பட்டது. மறுநாள் காலை சைக்கிள் பந்தயம் ஓட்டப் போகிறவன் செய்கிற வேலையா இது? இல்லைதான். அவனுக்கு வேறு வேலை இல்லை.

"பாத்து வீசுங்கம்மா! நாளன்னைக்குப் பேப்பர்ல படம் வரப்போற ஆளு. கை சுளுக்கிட்டா கோப்பையை யாரு தூக்குறது?" என்று கீழே இருந்து கத்தினான் அர்ஸேனியோ. எலியேசரின் மனைவி நூபியாவுக்குத் தம்பி. தூக்கிய கட்டுகளைவிடப் பேசிய பேச்சு அதிகம்.

"உங்க வாய் மட்டும் எப்படி சுளுக்காம இருக்கு?" என்றாள் வாய்க்காலில் நின்றிருந்த ஒருத்தி. தோல் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நூபியா மட்டும் சிரிக்கவில்லை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் நின்று, வேர்மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவ்வப்போது கையை வெளியே எடுத்து, அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டாள்.

பௌலினோ தார்ப்பாயை இழுத்துவிட்டபடி சொன்னார். "நாளைக்குக் காலையில ரோட்டை அடைக்கிறாங்களாம். விடியறதுக்குள்ள நான் சிலுவை மேட்டைத் தாண்டியாகணும். திங்கக்கிழமைச் சந்தை உங்க சைக்கிளுக்காக நிக்குமா?"

"நிக்காது முதலாளி" என்றான் எலியேசர்.

வெங்காயம் தலைநகர் பொகோத்தாவின் சந்தையில் இறங்கும்போது பச்சை மாறாமல் இருக்க வேண்டும். அதனால் ஈரத்தோடுதான் ஏற்றுவார்கள். லாரி ஊரைத் தாண்டும் முன்பே ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகினால் பரவாயில்லை. தார்ப்பாய்க்குள் தேங்குவதுதான் தொல்லை. மேட்டுக்குப் பாதி வழியில், மாதா சிலை இருக்கிற கொண்டைவளைவில், டிரைவர் கியர் மாற்றுவார். லாரி ஒரு குலுக்குக் குலுக்கி மூக்கைத் தூக்கும். தேங்கியது மொத்தமும் வளைவின் உள்பக்கம் கொட்டும். வெறும் தண்ணீர் அல்ல. தாளின் பசையும் உரிந்த சவ்வுத்தோலும் கலந்த கொழகொழப்பு. வெயிலடித்தால் ஒரு மணி நேரத்தில் காயும். வெயில் இல்லையென்றால் அன்று முழுக்கச் சோப்புக் கரைசல்தான்.

சரக்கின் மேல் உட்கார்ந்து போகிற ஆளுக்கு அந்த இடத்தில் ஒரு கடமை உண்டு. பின்னால் மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட வேண்டும். "வெங்காயம்!" அவ்வளவுதான். ஏரிக்கரைக்காரன் எவனாக இருந்தாலும் அதைக் கேட்டதும் வண்டியை வெளிப்பக்கம் ஒதுக்கிவிடுவான். எலியேசர் வாலிப வயதிலிருந்தே அந்தச் சத்தத்தைப் போட்டு வருகிறவன்.

வீட்டில் உருளைக்கிழங்கு சூப்பும் சோள ரொட்டியும் இருந்தன. ஐந்து வயது தத்தியானா சாப்பிட்ட இடத்திலேயே தூங்கிப்போனாள். நூபியா அடுப்போரம் உட்கார்ந்து கையை நெருப்பில் காட்டினாள். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன.

"பொகோத்தா மாமா மறுபடி போன் பண்ணினாரு" என்றாள். "நாளை ராத்திரிக்குள்ள பதில் சொல்லணுமாம். அந்தக் கட்டடத்துக்கு வாட்ச்மேன் வேலைக்கு இன்னொருத்தரும் கேக்கறாராம்."

"சொல்லுவோம்."

"என்னன்னு?"

"பந்தயம் முடியட்டும்."

"நான் வேண்டாம்னா சொல்றேன்? முடியட்டும். கோச் ஒக்தாவியோ சார் தெளிவாத்தானே சொன்னாரு? மாநில அணியில ஒரு இடம்தான் காலி. நாளைக்கு முதல்ல வர்றவருக்குத்தான். ரெண்டாவது வந்தா கை குலுக்குவாரு, அவ்வளவுதான். உங்களுக்கு இருபத்தெட்டு ஆச்சு. அடுத்த வருஷம் நீங்க யாருன்னு கேப்பாரு."

"தெரியும் நூபியா."

"எனக்கும் ஒண்ணு தெரியும். இந்தக் கையை வெச்சுக்கிட்டு இன்னொரு வருஷம் என்னால அந்தத் தண்ணியில நிக்க முடியாது. நம்ம துண்டு நிலத்துல வேரழுகல். மருந்தடிச்சும் நிக்கல. ஒண்ணு நீங்க ஜெயிக்கணும், இல்ல நாம பொகோத்தா போகணும். மூணாவது வழி இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

எலியேசர் வெல்லத் தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தான்.

அவளே மறுபடி பேசினாள். இம்முறை குரல் தாழ்ந்திருந்தது. "நாளைக்கு வெயில் வராது."

"வராது. மேட்டுல மேகம் இறங்கிடுச்சு."

"அப்ப மாதா வளைவு காயாது."

எலியேசர் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"அந்த துன்ஹா ஊர்க்காரர், பேரென்ன, காமிலோ. இறக்கத்துல பேய் மாதிரி போவாராமே. வளைவை உள்பக்கம் ஒட்டித்தான் திருப்புவாராம்."

"ஆமா."

"நம்ம ஊர்ப் பசங்களுக்கு எல்லாம் தெரியும். அவருக்குத் தெரியாது."

"நூபியா..."

"நான் யாரையும் தள்ளிவிடச் சொல்லல. போய்ச் சொல்லிக்கிட்டு நிக்காதீங்கன்னுதான் சொல்றேன். அவரு கண்ணு, அவரு பிரேக்கு. நீங்க பேசாம உங்க பாதையில வாங்க. போதும்."

அவன் குனிந்தபடி மெல்லத் தலையாட்டினான். 

காலையில் அர்ஸேனியோவின் பழைய ஜீப்பில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கீழே சோகமோசோவுக்குக் கிளம்பினார்கள். பந்தயம் அங்கே தொடங்கி, சிலுவை மேடு ஏறி, ஏரிக்கரை ஊரின் தேவாலயச் சதுக்கத்தில் முடியும்.

மாதா வளைவில் அர்ஸேனியோ வண்டியை மெதுவாக்கினான். உள்பக்கத் தார் பச்சையாகப் பளபளத்தது. தோல்சவ்வுகள் ரோட்டோடு ஒட்டிக் கிடந்தன.

"பௌலினோ முதலாளி நல்லாத்தான் மொழுகிவிட்டிருக்காரு" என்றான். "சோப்பு நுரை ஒண்ணுதான் பாக்கி."

எலியேசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மச்சான், என் அக்கா ஏதாவது சொல்லுச்சா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

"சரி, ரோட்டைத்தான் பாக்கறேன். நான் மட்டும்தான் பாக்கறேன் போலிருக்கு."

புறப்படும் இடத்தில் நூறு பேருக்கு மேல் குளிரில் தொடையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். கொய்யா அல்வாவும் பாலாடைக்கட்டியும் கை மாறிக்கொண்டிருந்தன. தலைமை நடுவர் ஒரு நாற்காலி மேல் ஏறினார். பருத்த மனிதர். வழக்கமான அறிவிப்புகளைச் சொல்லிவிட்டு, வழக்கமான கேள்வியையும் கேட்டார்.

"மேட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரங்க யாராவது பாதையைப் பத்திச் சொல்லணுமா? குழி, கல்லு, மாடு, எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. ஒரு ஆளை நிறுத்தி மண்ணு போட்டுடலாம்."

ஏரிக்கரைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அங்கங்கே நின்றார்கள். ஒருவன் ஹெல்மெட் வாரைச் சரி செய்தான். ஒருவன் டயரை அமுக்கிப் பார்த்தான். எலியேசர் தன் ஷூவைப் பார்த்தான். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அர்ஸேனியோ இருமினான். இரண்டு தரம் இருமினான்.

"யாருமில்லையா? நல்லது. மாதா துணை வரட்டும்."

விசில்.

முதல் பாதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிளம்பியவர்களில் பாதிப்பேர் செங்கல் சூளைகளைத் தாண்டியதும் கழன்றுகொண்டார்கள். மேடு ஆரம்பித்ததும் மிச்சத்தில் பாதி. எலியேசர் அவசரப்படவில்லை. மேட்டில் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதுகில் சுமை இருப்பதாக நினைத்துக்கொள்வான். கட்டுகளைச் சுமந்து வரப்பேறுகிற அதே மூச்சு, அதே நடை. யூகலிப்டஸ் மரங்கள் முடிந்து, புல்வெளி முடிந்து, மேகத்துக்குள் நுழைந்தபோது முன்னால் ஒரே ஒரு முதுகுதான் தெரிந்தது. சிவப்புச் சட்டை. காமிலோ.

எட்டிப் பிடித்தான். காமிலோ திரும்பிப் பார்த்துச் சிரித்தான். இருபது வயதிருக்கும். மூக்கில் சளி வழிந்தது. துடைக்கக்கூட நேரமில்லாத சிரிப்பு.

"அண்ணே, நீங்க இந்தப் பக்கத்து ஆளா?"

"ம்."

"அதான் இந்த மேட்டை மாடிப்படி மாதிரி ஏறுறீங்க. எனக்கு நுரையீரல் வாய்க்கு வந்துடுச்சு. கொஞ்சம் மாத்தி மாத்தி இழுப்போமா? பின்னாடி ஆளே காணோம்."

மாற்றி மாற்றி இழுத்தார்கள். காற்றை ஒருவன் கிழிக்க, மற்றவன் நிழலில் ஒண்டினான். சிலுவைக்குக் கொஞ்சம் முன்னால் காமிலோ மறுபடி கேட்டான்.

"இறக்கம் எப்படிண்ணே இருக்கும்? ரோடு நல்லாத்தானே இருக்கு?"

ஒரு மிதி. இரண்டு மிதி.

"எப்பவும் போலத்தான்" என்றான் எலியேசர்.

"அப்பச் சரி!" காமிலோ மார்பின் ஜிப்பை மேலே இழுத்தான்.

மேட்டின் உச்சியில் அவன் கையால் மார்பில் சிலுவை போட்டுவிட்டு இறக்கத்தில் பாய்ந்தான் பாருங்கள், கல் விழுகிற மாதிரி! எலியேசர் பல்லைக் கடித்துக்கொண்டு பின்தொடர்ந்தான். மேகம் பிரிந்தது. கீழே ஏரி ஈயத்தகடாகக் கிடந்தது. சுற்றிலும் வெங்காயப் பாத்திகள். கோழி எருவின் நெடி காற்றோடு மூக்கில் அறைந்தது. முதல் வளைவு. காமிலோ உள்பக்கம் ஒட்டித் திருப்பினான். முழங்கால் ரோட்டை உரசாத குறை. இரண்டாவது வளைவு. அதே மாதிரி. எலியேசர் வெளிப்பக்கமாகவே வந்தான். இடைவெளி கொஞ்சம் கூடியது. கூடட்டும். இன்னும் ஒரே ஒரு வளைவு. அதற்குப் பிறகு இடைவெளி என்பதே இருக்காது.

மாதாவின் நீல அங்கி தெரிந்தது.

பேசாமல் வா. போதும்.

காமிலோ பிரேக்கை விட்டான். தோளைச் சாய்த்தான். சக்கரம் உள்பக்கம் நோக்கித் திரும்பியது. பச்சைப் பளபளப்பு அவனுக்கு முன்னால், பாய் விரித்தாற்போல.

"வெங்காயம்!"

யார் கத்தியது என்று எலியேசருக்கே ஒரு கணம் தெரியவில்லை. யோசித்துக் கத்தவில்லை. இரங்கிக் கத்தவில்லை. முன்னால் வண்டி போகிறது, வளைவு வருகிறது, தொண்டை தன் வேலையைச் செய்துவிட்டது. சரக்கின் மேல் உட்கார்ந்து கத்துகிற அதே சத்தம்.

ஏரிக்கரைக்காரனாக இருந்தால் ஒதுங்கியிருப்பான். ஒதுங்கி, வேகம் குறையாமல் போயிருப்பான். காமிலோவுக்கு அந்த வார்த்தை என்ன சொல்லும்? திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். இரண்டு பிரேக்கையும் ஒன்றாக அழுத்தினான். சைக்கிள் நிமிர்ந்தது. உள்பக்கம் போயிருக்க வேண்டியவன், நேராக வெளிப்பக்கம், எலியேசரின் பாதைக்குக் குறுக்கே வழுக்கி வந்தான்.

எலியேசருக்கு மிச்சமிருந்த வழி ரோட்டுக்கு வெளியேதான். முன்சக்கரம் கல்லில் மோதியது. அவன் வாய்க்காலைத் தாண்டி, யாருடைய பாத்தியிலோ, புது எருவில் முகம் பதிய விழுந்தான். தலை தூக்கிப் பார்த்தபோது சிவப்புச் சட்டை இரண்டு ஆட்டம் ஆடி, சுதாரித்து, கீழே போய்க்கொண்டிருந்தது.

பின்தொடர்ந்து வந்த அர்ஸேனியோ ஜீப்பை நிறுத்தி மாற்றுச் சக்கரத்தோடு ஓடிவந்தான். அதற்குள் மூன்று பேர் கடந்துவிட்டார்கள். மூன்று பேருமே ஏரிக்கரைக்காரர்கள். மூன்று பேருமே வெளிப்பக்கமாகப் போனார்கள்.

"உங்க வாயில ஒரு கட்டு வெங்காயத்தைத் திணிச்சு அனுப்பியிருக்கணும் மச்சான்!" அவன் சக்கரத்தை மாட்டினான். "எலும்பு இருக்கா? எல்லாம் இருக்கா?"

"தள்ளுங்க."

"எங்க தள்ளறது? அவரு இந்நேரம் மாலையே போட்டிருப்பாரு."

"தள்ளுங்கன்னு சொன்னேன்!"

சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது எத்தனையாவது என்று அவன் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. மேடையில் காமிலோ ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தான். அம்மாவுக்கு நன்றி சொன்னான், மாதாவுக்கு நன்றி சொன்னான். அப்புறம் சிரித்தான்.

"இறக்கத்துல பின்னாடி ஒரு அண்ணன் என்னைப் பயமுறுத்தப் பாத்தாரு. வெங்காயம்னு கத்துறாரு! அண்ணே, எனக்கு வெங்காயம் வேணாம். கோப்பை போதும்!"

வெளியூர்க்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை. சிலர் எருவும் ரத்தமுமாக நின்றவனைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அர்ஸேனியோ அவன் கையைப் பிடித்து இழுத்தான். "வாங்க, ஒக்தாவியோ சார்கிட்ட போவோம். என்ன நடந்துச்சுன்னு சொல்லுவோம். அந்த ஆளு எலும்பு முறியாம நிக்கிறதே உங்களாலன்னு சொல்லுவோம்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? உயிரைக் காப்பாத்திட்டு எருவுல விழுந்து கிடந்தது நீங்க. வாங்க!"

அணிப் பயிற்சியாளர் ஒக்தாவியோ மேடைக்குப் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அமைதியான மனிதர். அர்ஸேனியோ மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். லாரி, தண்ணீர், வளைவு, சரக்கின் மேல் உட்கார்ந்தவன் போடுகிற சத்தம். பிறகு எலியேசர் பக்கம் திரும்பினார்.

"நிஜமா? அவரைக் காப்பாத்தத்தான் கத்தினீங்களா?"

"கத்தினேன் சார்."

"நல்ல காரியம்தான். இல்லேன்னு சொல்லல. அந்த வளைவு ஈரமா இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

எலியேசர் அர்ஸேனியோவைப் பார்த்தான். அர்ஸேனியோ தரையைப் பார்த்தான்.

"காலையில கீழ வரும்போது பாத்தோம்."

"நடுவர் நாற்காலி மேல ஏறி நின்னு கேட்டாரே. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

சதுக்கத்தில் பேண்ட் வாத்தியம் ஆரம்பித்தது.

"நீங்க மேடு ஏறினதை நான் காருல இருந்து பாத்தேன்" என்றார் ஒக்தாவியோ. "இந்த வருஷம் நான் பாத்ததுல அதுதான் நல்ல ஏத்தம். ரெண்டாவதா ஒரு இடம் கிடைக்குமான்னு கேட்டுப் பாக்கலாம்னுகூட நெனச்சேன். ஆனா ஒரு அணியில ஒருத்தர் வாயை நம்பித்தான் இன்னொருத்தர் வளைவுல சாயறாரு. உங்க வாய் நேரத்துக்குத் திறக்குமா திறக்காதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்து ஏதாவது பேசியிருக்கலாம். காபிக் கோப்பையை வைத்துவிட்டு, கை குலுக்கினார். எரு அப்பிய கையையே பிடித்துக் குலுக்கினார்.

வீட்டில் நூபியா கோழி சமைத்து வைத்திருந்தாள். கொல்லையில் இருந்த ஒரே முட்டைக்கோழி. தத்தியானா அப்பாவைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினாள்.

"அப்பா நாத்தம்!"

"ஆமா கண்ணு, நாத்தம்தான்" என்றான் அவன்.

நூபியா வெந்நீரும் துணியும் கொண்டுவந்தாள். கதவோரம் ஸ்டூலில் அவனை உட்காரவைத்து, முழங்கைக் காயத்திலிருந்து மண்ணைத் துடைத்தாள். அர்ஸேனியோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான்.

"ஏன் கத்தினீங்க?"

"தெரியல."

"அவரு மேல பரிதாபமா?"

"அதெல்லாம் தோணவே இல்ல. கீழ விழுவாருன்னு காத்துக்கிட்டுத்தான் வந்தேன். நிஜமா. வாய் தானா கத்திடுச்சு."

"காலையிலயே சொல்லியிருந்தா மண்ணு போட்டிருப்பாங்க. அவரோட சரிசமமா ஓட்டியிருப்பீங்க." துணியைப் பிழிந்தாள். தண்ணீர் பழுப்பாக வழிந்தது. "நான்தான் சொல்ல விடல."

"நீங்க சொன்னதுக்கு நான் தலையாட்டினேன்ல."

"கத்தாமயாவது இருந்திருக்கலாம்."

"ஆமா."

"ஏதாவது ஒண்ணைச் செஞ்சிருக்கலாம் நாம. ரெண்டையும் பாதிப்பாதி செஞ்சுட்டோம்."

கோழிக் குழம்பை மூவரும் சாப்பிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. தத்தியானா ஈரலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெளியே தூறல் பிடித்து, தகரக் கூரை முணுமுணுத்தது. சாப்பிட்ட தட்டுகளை அடுக்கிவிட்டு நூபியா போனை எடுத்தாள். அவனை ஒரு தரம் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"மாமா? நூபியா பேசறேன்... ஆமா, வர்றோம்... இல்ல, யோசிச்சுட்டோம். வர்றோம்... புதன்கிழமைக்குள்ள வந்துடுவோம்... குடிக்கமாட்டாரு மாமா, அதெல்லாம் இல்ல... என்னது? இருங்க."

போனைக் கையால் மூடிக்கொண்டாள். "யூனிபார்ம் தைக்கக் குடுக்கணுமாம். அளவு கேக்கறாரு. எந்திரிங்க."

அவன் எழுந்து நின்றான். வீட்டில் அளவு நாடா இல்லை. கட்டு கட்டுகிற கத்தாழைநார்க் கயிற்றில் ஒரு துண்டை எடுத்து அவன் மார்பைச் சுற்றினாள். சுவரில் தொங்கிய ஸ்கேலில் வைத்து அளந்து போனில் சொன்னாள். இடுப்பு. அதையும் சொன்னாள். கால் நீளம். பிறகு மண்டியிட்டு, சிராய்ப்பில் படாமல், தொடையைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்தாள். அளந்தாள். நம்பாமல் மறுபடி அளந்தாள்.

"மாமா, தொடை மட்டும் பெருசா இருக்கு. அவங்க சொல்ற அளவு பத்தாது... சைக்கிள் மிதிச்சு மிதிச்சு... இல்ல மாமா, குண்டு இல்ல, கல்லு மாதிரி இருக்கு... ம்... ம்... அப்படியா? சரி, சரி."

போனை வைத்தாள். கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டான் எலியேசர்.

"எல்லாருக்கும் தைக்கிற அளவே தைக்கச் சொல்லிடறாராம்." அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நாற்காலியில ரெண்டு மாசம் உக்காந்தா தானா வத்திடுமாம்."